பலகாரம் சுட்ட எண்ணெய் ஒன்றேகால் லிட்டர் மிச்சம். எங்கே கொட்டுவது?

மடிப்பாக்கம் மாடிவீடு

இந்தத் தீபாவளிக்கு முறுக்கு, ரிப்பன் பக்கோடா, அதிரசம் மூன்றையும் வீட்டிலேயே போட்டோம். கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கியதில் ஒன்றேகால் லிட்டர் வாணலியிலேயே நிற்கிறது. அதிரசம் சுட்டதால் அடியில் வெல்லக் கசடு கறுப்பாகப் படிந்திருக்கிறது. மறுபடி எதற்கும் ஆகாது.

போன வருடம் இதே மாதிரி மிஞ்சியதை அம்மா சிங்க்கில் ஊற்றி, மேலே ஒரு குடம் வெந்நீரும் விட்டார். நாங்கள் இரண்டாம் மாடி. கார்த்திகை தீபம் வருவதற்குள் தரைத்தளத்து வீட்டுச் சமையலறையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டுக்காரர் பாவம், தன் வீட்டுக் குழாயில்தான் கோளாறு என்று நினைத்துச் சொந்தச் செலவில் ஆள் வைத்து எடுத்தார். நான் வாயே திறக்கவில்லை. இன்றுவரை அவரை லிஃப்டில் பார்த்தால் செல்போனைப் பார்ப்பது போல நடிக்கிறேன். இந்த வருடமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். என்ன வழி?

அடுப்படி அத்தை

முதலில் கேட்கிறேன், முறுக்குக்கு எதற்கப்பா இரண்டு லிட்டர்? அகலமான வாணலியை எடுத்தால் அது குடித்துக்கொண்டே இருக்கும். குழிவான சின்ன இருப்புச்சட்டியில் அரை லிட்டர் ஊற்றி, குறையக் குறைய விட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு டம்ளர்தான் நிற்கும். முறுக்கு முதலில், அதிரசம் கடைசியில். வெல்லம் பட்ட எண்ணெயில் வேறு எதைப் போட்டாலும் கறுக்கும்.

முறுக்கு மட்டும் சுட்டிருந்தால் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு வாரத்துக்குள் வத்தக்குழம்புக்கும் பொரியல் தாளிப்புக்கும் தீர்த்துவிடலாம். சிக்கு வாடை வந்துவிட்டாலோ, சூடேறும்போது நுரைத்தாலோ தொடவே கூடாது.

ஒன்னும் ஆகாது

இதுக்கெல்லாம் மன்றத்தில் ஒரு இழையா? பாத்திரம் கழுவும் திரவத்தை நாலு சொட்டு விட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரோடு சேர்த்து ஊற்றினால் எண்ணெய் கரைந்து ஓடிவிடும். பத்து வருடமாகச் செய்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு நாளும் அடைத்ததில்லை.

குழாய்க்காரர்

மேலே சொன்ன தம்பி எந்த மாடியில் இருக்கிறார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். கீழ்வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் தம்பி.

வெந்நீர் முதல் நாலைந்து அடிக்குத்தான் வெந்நீர். அப்புறம் குழாயின் குளிர்ச்சியில் ஆறிவிடும். அது வரை இளகிப் போன கொழுப்பு அங்கே சுவரில் ஒட்டும். சிங்க்குக்குக் கீழே இருந்தால் கையை விட்டாவது எடுக்கலாம். நீங்கள் வெந்நீர் ஊற்றித் தள்ளியதால் அது எல்போ வளைவிலும், பல வீட்டுக் குழாய்கள் சேரும் இடத்திலும் போய் உட்காரும். சோப்பு போட்டாலும் இதே கதைதான். சோப்பு எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தண்ணீரோடு ஓடவிடும். அடுத்த வீட்டுத் தண்ணீர் சேர்ந்து சோப்பு நீர்த்ததும் துளிகள் மறுபடி கூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு, கொதிக்கும் தண்ணீர் பிவிசி குழாய்க்கே ஆகாது. எண்பது டிகிரிக்குப் பக்கத்திலேயே அது இளகத் தொடங்கும். ஜாயிண்ட் நெகிழ்ந்து ஒழுகும். வீட்டுக்காரர்கள் குழாய் தரமில்லை என்று என்னைத் திட்டுவார்கள்.

சமையலறைக் குழாயை அறுத்து எடுத்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? மூன்று அங்குலக் குழாயில் விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். மிச்சமெல்லாம் மஞ்சள் கலந்த வெள்ளையில் அடைபோல ஒட்டியிருக்கும். அதில் பருப்பு, தேங்காய்த் துருவல், டீத்தூள், தலைமுடி எல்லாம் பதிந்திருக்கும். வாடை ஒரு வாரத்துக்குக் கையை விட்டுப் போகாது.

இன்னொன்று. அடைத்ததும் கடையில் வாங்கிய காஸ்டிக் தூளைக் கொட்டிவிட்டு, அது வேலை செய்யாமல் போன பிறகு எங்களைக் கூப்பிடுகிறார்கள். கொட்டியதைச் சொல்வதில்லை. சிங்க்குக்கு அடியில் இருக்கும் டிராப்பைக் கழற்றினால் காரத்தண்ணீர் நேராக முகத்துக்கு வரும். என் பையன் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. தயவு செய்து சொல்லிவிடுங்கள்.

வேதியியல் வாத்தியார்

குழாய்க்காரர் சொன்ன அந்த அடையைப் பற்றி ஒரு விஷயம். அது வெறும் எண்ணெய் இல்லை. வாணலியில் காய்ந்த எண்ணெயில் ஒரு பகுதி உடைந்து கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்திருக்கும். அந்த அமிலம் கால்சியத்தைச் சந்தித்தால் கால்சியம் சோப்பாக மாறும். நாம் குளிக்கும் சோப்பு தண்ணீரில் கரையும், இது கரையாது. கால்சியம் மிகுந்த போர் தண்ணீரில் குளிக்கும்போது வாளியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு திரை ஒட்டுகிறதே, அதே பொருள்தான். சென்னையில் மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடைக்குப் போனால் சிமெண்டே கால்சியத்தைக் கொடுக்கும். அதனால்தான் அந்த அடை கல்போல இறுகுகிறது. வெந்நீருக்கு அது இளகவே இளகாது.

லண்டன் குளிர்

வாத்தியார் சொல்வதற்குப் பெரிய சாட்சி இங்கே கிடைத்தது. 2017இல் கிழக்கு லண்டனில் வைட்சேப்பல் சாலைக்கு அடியில் ஒரு கொழுப்புப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. எண்ணெயும் ஈரத்துடைப்பான் துணிகளும் சேர்ந்து இறுகியது. உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது. அதில் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள்! நான் போகவில்லை. எங்கள் வீட்டு சிங்க்கின் அடியிலேயே பார்த்தாயிற்று.

இங்கே குளிரில் ஒரு சௌகரியம், தேங்காயெண்ணெய் கிண்ணத்திலேயே உறைந்துவிடும். கரண்டியால் வழித்துக் குப்பையில் போட்டுவிடுவேன்.

ஒன்னும் ஆகாது

சரி, வெந்நீரை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு தெரு முழுக்கப் பஜ்ஜிக் கடையும் பிரியாணிக் கடையும் ஊற்றுவதை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு முறை முறுக்குச் சுடுகிறவர் கழுத்தைப் பிடிப்பது நியாயமா?

மிக்சர் கம்பெனி

கடைக்காரன் நான் வந்துவிட்டேன். எங்களுடையது காரவகைத் தயாரிப்பு, கொஞ்சம் பெரிய அளவு. எங்களை யாரும் பிடிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். 1 ஜூலை 2018 முதல் ஒரு விதி இருக்கிறது. எண்ணெய் காயக் காய அதில் முனைவுச் சேர்மங்கள் என்று ஒரு வகை கூடிக்கொண்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. எண்ணெயில் முக்கினால் அளவு காட்டும் கருவி வந்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் அதோடுதான் வருவார். பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள் பதிவேடு எழுத வேண்டும். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம், எல்லாம் அதில் இருக்கும்.

கழித்த எண்ணெயை வாங்குவதற்கு அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். ரூகோ என்ற பெயரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகஸ்ட் 2018இல் தொடங்கிய திட்டம் அது. எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடா மாதிரிக் காரமும் சேர்த்து பயோடீசல் ஆக்குகிறார்கள், கிளிசரின் தனியே பிரிந்துவிடும். 2019இல் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் அந்த டீசலை முதல் வருடம் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன. அதாவது நீங்கள் சிங்க்கில் ஊற்றுவதற்கு விலை உண்டு.

முன்பெல்லாம் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. பெரிய கடை கழித்த எண்ணெயைச் சின்னக் கடை வாங்கும். அது கழித்ததைத் தள்ளுவண்டி வாங்கும். டீக்கடை வடையில் வரும் அந்தக் கறுப்பு மினுமினுப்பு அப்படி வந்தது. எல்லா இடத்திலும் நின்றுவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

நாலாவது தெரு

நான் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். வீணாகாது.

அடுப்படி அத்தை

உனக்கு ஆகாதது அவளுக்கு மட்டும் எப்படியம்மா ஆகும்? நல்ல எண்ணெய் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடு. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவளிடம் நீட்டினால் சந்தோஷமாகத்தான் வாங்குவாள்.

நாலாவது தெரு

ஒரு தடவை பொரித்த நல்ல எண்ணெயைத்தான் கொடுத்தேன் அத்தை. நீங்களே தாளிக்கலாம் என்கிறீர்களே.

அடுப்படி அத்தை

அப்படியானால் நீயே தாளியேன்.

சுன்னாகத்தான்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பாதாளச் சாக்கடையே இல்லை. குசினித் தண்ணி வீட்டு வளவுக்குள்தான் போகும், அல்லது குழிக்குள். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல். கல்லில் வெடிப்பு எங்கே போகிறதோ, மேலே ஊற்றுவதும் அங்கேதான் போகும். குடிக்கிற கிணறு அதே வளவில். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை வழக்கு வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். அது மின் நிலையத்துக் கழிவெண்ணெய், தாச்சியில் பொரித்த எண்ணெயில்லை. இருந்தாலும் அதுக்குப் பிறகு எங்கள் அம்மா ஒரு சொட்டையும் நிலத்தில் ஊற்ற விடமாட்டா.

பனங்காய்ப் பணியாரம் சுடுகிற காலத்தில்தான் எங்களுக்குக் கூட மிஞ்சும். உமியையோ மரத்தூளையோ பழைய தகரத்தில் போட்டு, ஆறின எண்ணெயை அதில் ஊற்றிக் கிளறிவிடுவோம். பிறகு வெளி அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து எரிப்போம். நல்லா எரியும். புகை வரும்தான்.

செப்டிக் குழி வைத்திருக்கிற ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். எண்ணெய் மேலே மிதந்து தடிப்பாய்ப் படலம் கட்டும். அது உறிஞ்சு குழிக்குள் போனால் மண்ணின் துளையை எல்லாம் மூடிவிடும். பிறகு தண்ணி இறங்காது, புதுக் குழி வெட்ட வேண்டியதுதான். எங்கள் ஒன்றுவிட்ட அண்ணை வெட்டினவர்.

மாடித்தோட்டம் 40 தொட்டி

செடிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறோமே, அதே மாதிரி இதையும் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் என்ன? மக்கும் தொட்டியிலும் போடலாமா?

வேதியியல் வாத்தியார்

வேப்பெண்ணெயில் பூச்சியை விரட்டும் சரக்கு இருக்கிறது. முறுக்கு எண்ணெயில் உப்பும் கருகலும்தான் இருக்கின்றன. இலையின் துளைகளை அடைத்து, வெயிலில் இலை கருகும்.

மக்கும் தொட்டியில், தட்டைத் துடைத்த காகிதம் அளவுக்குப் போனால் பாதகமில்லை. ஊற்றினால் எண்ணெய் எல்லாவற்றையும் போர்த்திக் காற்றுப் புகாமல் செய்துவிடும். மக்குவது நின்று அழுகல் நாற்றம் வரும். அப்புறம் எலி, பெருச்சாளி.

மாடித்தோட்டம் 40 தொட்டி

பெருச்சாளி ஏற்கெனவே இருக்கிறது. நன்றி.

விளக்கு நாச்சி

வாசலில் அகல் ஏற்றலாம் என்று யாருமே சொல்லவில்லையே? நான் ஏற்றிப் பார்த்தேன். திரி சீக்கிரம் கருகி, வீடெல்லாம் பஜ்ஜிக் கடை வாசனை. மாமியார் வந்து, “சாமிக்கு எச்சில் எண்ணெயா?” என்று கேட்டதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

கதவுக் கீலுக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் சத்தம் நின்றது. அப்புறம் பிசின் மாதிரி இறுகிக்கொண்டது. தையல் மெஷினுக்குப் போட்டுவிடாதீர்கள் யாரும்.

சோப்பு ஆசை

பயன்படுத்திய எண்ணெயில் சோப்பு செய்யலாமாமே? வாத்தியார் சொல்ல வேண்டும். என்னிடம் நன்றாக வடிகட்டிய ஒரு கிலோ இருக்கிறது.

வேதியியல் வாத்தியார்

செய்யலாம். பாத்திரமும் தரையும் கழுவத்தான், உடம்புக்கு வேண்டாம். கடலை எண்ணெய் ஒரு கிலோவை முழுவதும் சோப்பாக்க ஏறத்தாழ 136 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சியிருப்பது நல்லது என்பதால் 129 அல்லது 130 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் 330 கிராம் போல. இவ்வளவையும் எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கெல்லாம் இதில் கிடையாது. தேங்காயெண்ணெய் என்றால் காரம் கிலோவுக்கு 180 கிராமுக்கு மேல் போகும். அதனால் எந்த எண்ணெய் என்று தெரியாத கலவையில் இறங்காதீர்கள்.

காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரைக் காரத்தின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயு வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல், குழந்தைகள் அடுத்த அறையில். ஆறிய காரத் தண்ணீரை எண்ணெயில் விட்டு, மோர்க்குழம்புப் பதம் வரும் வரை கிண்டி அச்சில் ஊற்றுங்கள். மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் வெட்டி, நாலு முதல் ஆறு வாரம் காற்றாட வையுங்கள்.

மீன் வறுத்த எண்ணெயாக இருந்தால் முயற்சியே வேண்டாம். வாடை போகாது. என் மனைவி ஒரு முறை முழுத் தட்டையும் குப்பையில் போட்டார். ஒரு முறை செய்து பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மாதாமாதம் காரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

குழாய்க்காரர்

அந்த சோப்பும் கடைசியில் குழாய்க்குள்தானே வரும் வாத்தியாரே.

வேதியியல் வாத்தியார்

வரும். போர் தண்ணீர் என்றால் கொஞ்சம் திரையும் கட்டும். நீங்கள் சொல்வது சரிதான்.

பழைய ஃபயர் சர்வீஸ்

இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எண்ணெயைத் துடைத்த துணிகளைப் பந்து பந்தாகச் சுருட்டி வெயில் படும் பால்கனியிலோ அட்டைப் பெட்டியிலோ குவிக்காதீர்கள். சூரியகாந்தி, சோயா மாதிரி எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து காயும்போது தானாகச் சூடு உண்டாகும். விரித்துக் கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். குவியலுக்குள் அடைபட்டால் யாரும் தீ வைக்காமலே பற்றும். விரித்துக் காயப் போட்டு அப்புறம் வீசுங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டை வைத்து மூடுங்கள். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. மிச்ச எண்ணெயைச் சுடச்சுடப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் காலில் கொட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி ஆறட்டும், என்ன அவசரம்?

மடிப்பாக்கம் மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. நேற்று செய்ததைச் சொல்கிறேன். ஆறிய எண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டேன். அடியில் நின்ற அதிரசக் கசடைப் பழைய தினத்தாளில் வழித்து ஈரக் குப்பையில் போட்டேன். வாணலியில் ஒட்டியதைச் சலித்த கோதுமைத் தவிட்டால் துடைத்து, அப்புறம் சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்தேன். சிங்க்குக்குப் போனது கடைசித் தண்ணீர் மட்டும்தான்.

பாட்டிலை அப்படியே குப்பை வண்டியில் போடலாமா?

குழாய்க்காரர்

வண்டியில் அழுத்தும்போது பாட்டில் வெடித்து ரோடு பூராவும் வழுக்கும். பின்னால் வரும் டூவீலர்காரர் உங்களை வாழ்த்துவார். கொஞ்சம் என்றால் மரத்தூளிலோ காகிதத்திலோ ஊறவைத்துப் போடுங்கள். ஒரு லிட்டருக்கு மேல் என்றால் சேர்த்து வையுங்கள்.

மிக்சர் கம்பெனி

ஒரு லிட்டருக்காக வண்டி எடுத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். உங்கள் குடியிருப்பில் எத்தனை வீடு? ஒரு 15 லிட்டர் தகர டின்னைக் கீழே வைத்து எல்லோரும் ஊற்றுங்கள். நிரம்பியதும் அங்கீகாரம் உள்ள சேகரிப்பாளரைக் கூப்பிடலாம். அந்தப் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். ரசீது கொடுக்கிறாரா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவரிடம் கொடுத்தால் அது மறுபடி வடையாகத்தான் வரும். டின்னில் தண்ணீர் கலக்கக் கூடாது, கலந்தால் வாங்க மாட்டார்கள்.

ஒன்னும் ஆகாது

டின் வைத்து, அலுவலகத்தைக் கேட்டு, ரசீது பார்த்து... நாட்டில் இதைவிடப் பெரிய பிரச்சினையே இல்லையா?

குழாய்க்காரர்

இருக்கிறது தம்பி. வீட்டுக் குழாயோடு என் வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம் தெரு மேன்ஹோல். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அங்கே மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் வந்த பிறகும் எதற்காகத் தொகையை உயர்த்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் கூட வேலை பழகியவன் ஒருவன் அப்படித்தான் போனான், ஒரு தனியார் கட்டடத்துத் தொட்டியில். மேலே அடை கட்டி நின்றதை உடைத்ததும் அடியில் இருந்த விஷவாயு கிளம்பியது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஒன்னும் ஆகாது

மன்னிக்கணும் அண்ணே. நான் மூன்றாவது மாடி.

மடிப்பாக்கம் மாடிவீடு

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மாடிப்படிக்கு அடியில் டின் வைத்தாயிற்று. பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு ஊற்றுகிறது. பாதி நிரம்பியிருக்கிறது. ஒரு நாள் யாரோ அதில் மீந்த சாம்பாரை ஊற்றிவிட்டார்கள். யார் என்று இன்னும் தெரியவில்லை. வடிகட்டித் தெளியவைத்து எடுத்தோம். இப்போது மூடிக்குப் பூட்டு, சாவி தரைத்தளத்து வீட்டுக்காரரிடம். சாவியைக் கொடுக்கும்போது போன வருடக் கதையைச் சொல்லிவிட்டேன். “தெரியும் சார். அதிரச வாசனை வந்தது,” என்றார்.

புது வரவு

நல்ல இழை. ஒரு சந்தேகம், நெய் காய்ச்சினால் அடியில் பழுப்பாகக் கசடு நிற்கிறதே, அதை எப்படி அப்புறப்படுத்துவது?

அடுப்படி அத்தை

அப்புறப்படுத்துவதா! அந்தச் சட்டியிலேயே ஒரு பிடி சூடான சாதத்தைப் போட்டு உப்பு சேர்த்துப் பிசைந்து சாப்பிடு கண்ணு.